மாட்டின் அடியில் ஒரு பெயர்

அன்புள்ள குகன்,

அக்காவின் முழங்கால் சத்திரசிகிச்சை நல்லபடி முடிந்ததில் எங்களுக்கும் நிம்மதி. இங்கே எல்லோரும் சுகம். சின்னவன் மட்டும் வேலை மாறப்போகிறேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான்.

சரி, நீ அனுப்பிய படங்களுக்கு வருகிறேன். படுத்திருக்கும் மாட்டு வடிவ நெட்சுகே, அதாவது இடுப்புப் பட்டியில் பையைத் தொங்கவிட உதவும் ஜப்பானியக் குட்டிச் சிற்பம்; அடியில் நீள்சதுரக் கட்டத்துக்குள் இரண்டு எழுத்து. நீ நினைத்ததுபோல அது டோமோடாடா என்ற பெயர்தான். 18ஆம் நூற்றாண்டில் கியோத்தோவில் இருந்த தந்தச் சிற்பி, மாடுகளுக்கே பேர்போனவர். ஆனால் துள்ளிக் குதிக்காதே மச்சான். ஒசாகா வாள் வியாபாரி இனாபா சூரியூ 1781இல் வெளியிட்ட ‘சோகென் கிஷோ’ என்ற நூலில் ஐம்பதுக்கும் மேற்பட்ட நெட்சுகே சிற்பிகளின் பெயர்கள் உண்டு. டோமோடாடாவின் மாடுகளுக்குப் போலி நிறைய என்று அதிலேயே எழுதிவைத்திருக்கிறார். அப்போதே அந்தக் கதி!

எல்லாமே மோசடி என்றும் சொல்லமுடியாது. குருவின் பெயரில் ஓர் எழுத்தைச் சீடன் எடுத்துக்கொள்வான். சில இடங்களில் முழுப் பெயருமே தலைமுறை தலைமுறையாக ஓடும். மசனாவோ என்று கியோத்தோவிலும் ஒருவர், பிறகு இசேயில் ஒரு பரம்பரையே. அதனால் நான் பெயரைக் கடைசியில்தான் பார்ப்பேன்.

முதலில் கயிற்றுத் துளைகள். கிமோனோவில் பை கிடையாது. புகையிலைப் பையை இடுப்புப் பட்டியில் தொங்கவிடத்தான் நெட்சுகே. உண்மையிலேயே பாவித்ததென்றால் துளையின் விளிம்பு கயிறு உரசி வழுவழுப்பாகியிருக்கும். பல பழைய நெட்சுகேகளில் ஒரு துளை பெரிதாக இருக்கும், முடிச்சு உள்ளே மறைய. துளையே இல்லையென்றால் பெரும்பாலும் அலங்காரத்துக்குச் செய்த ஒகிமோனோ. மெய்ஜி காலத்தில் (1868–1912) வெளிநாட்டுக்கென்றே அவற்றை ஏராளமாகச் செய்தார்கள்.

பிறகு பூதக்கண்ணாடியில் எழுத்தைப் பார். பழைய வெட்டென்றால் சுற்றியுள்ள தேய்மானம் எழுத்தின் விளிம்பையும் தொட்டிருக்கும். மேல்பரப்பு தேன்நிறத்தில் பழுத்திருக்க, கோட்டின் உட்புறம் மட்டும் வெளேரென்று, விளிம்பு கூராக நின்றால் பெயரைப் பிறகு யாரோ வெட்டியிருக்கிறார்கள். கோடுகள் மழுங்கி, பள்ளத்தில் குட்டிக் குமிழிகள் தெரிந்தால் அது ரெசின் என்ற செயற்கைப் பிசினில் வார்த்த போலி. யானைத் தந்தத்தின் குறுக்குவெட்டில் வலைபோலக் கோடுகள் ஓடும், ரெசினில் அது வராது. சூடான ஊசியால் குத்திப் பார்க்கச் சொல்பவர்களின் பேச்சைக் கேட்காதே. நல்ல பொருளில் வடுதான் மிஞ்சும்.

விற்கும் யோசனை இருந்தால் கொஞ்சம் பொறு. பிரித்தானியாவில் 2022 ஜூன் முதல் தந்தத்துக்குக் கடுமையான தடை. முழுத் தந்த நெட்சுகே என்றால் 1918க்கு முந்தியதாகவும் கலை, பண்பாடு அல்லது வரலாற்று மதிப்பில் மிக உயர்ந்ததாகவும் இருந்து, அதற்குச் சான்றிதழும் பெற்றால்தான் தனியாருக்கு விற்கலாம்.

ஜன்னலோரம் வைத்து, வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி அடிப்பக்கத்தை மட்டும் இன்னொருமுறை படமெடுத்து அனுப்பு. சோப்போ எண்ணெயோ போட்டுவிடாதே. கிறிஸ்மஸ் லீவுக்கு வரும்போது மாட்டையும் கையோடு கொண்டு வா.

அன்புடன்,
செல்வம்