எங்கள் ஆட்டுக்குக் கண்ணில் கோடு படுத்திருக்கும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் வாசகர் கடிதப் பகுதியில் ஒரு அன்பர் கேட்டிருந்தார்: போட்டோவைப் பென்சில் ஓவியமாக மாற்றித் தர செயலி வந்துவிட்டது, ஒரு நொடிதான் ஆகிறது, அப்புறம் எதற்காக இன்னும் ஒருவரிடம் ஆர்டர் கொடுத்துவிட்டு மூன்று வாரம் காத்திருக்கிறார்கள்? கேள்வி நியாயமானதுதான். 19 வருடமாக மனிதர்களையும் வளர்ப்புப் பிராணிகளையும் பென்சிலில் வரைந்து கொடுக்கிறவள் நான். அவருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

தொழிலுக்கு வந்த புதிதில் ஒருவர், தம் மகள் வளர்த்த ஆட்டை வரையச் சொல்லி ஒரே ஒரு போட்டோ கொடுத்தார். ஆடு இறந்துபோயிருந்தது. போட்டோவில் கண் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பாக ஒரு திட்டு, அவ்வளவுதான். நாய்களை வரைந்து பழகிய கை என்னுடையது. உருண்டையாக ஒரு கண்பாவை வைத்தேன், அதில் ஒளிப்புள்ளி விட்டேன், நான்கு நாள் உட்கார்ந்து ரோமத்தை இழை இழையாக முடித்தேன். படத்தைப் பார்த்ததும் அந்த ஒன்பது வயதுப் பெண் கேட்டாள்: "இது யாரோட ஆடு?"

அப்பா சங்கடப்பட்டு அவளை அதட்டினார். அவள் விடவில்லை. "எங்க ஆட்டுக்குக் கண்ணுல கோடு படுத்திருக்கும்" என்றாள்.

அவள் சொன்னதுதான் சரி. ஆட்டின் கண்பாவை ஓரம் மழுங்கிய செவ்வகம் போலக் கிடைமட்டமாக நீண்டிருக்கும். குனிந்து மேயும்போதுகூட அந்தக் கோடு தரைக்கு இணையாக நிற்கும்படி கண் சுழன்றுகொள்ளும். தினமும் பக்கத்தில் உட்கார்ந்து தழை ஊட்டிய குழந்தைக்கு அது தெரிந்திருந்தது, எனக்குத் தெரியவில்லை. படத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு புதுத் தாளில் முதலிலிருந்து வரைந்தேன். இந்த முறை அவளைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டேன். இடது கொம்பில் ஒரு வெடிப்பு, வலது காதின் நுனியில் ஒரு மடிப்பு. இரண்டும் போட்டோவில் இல்லை, அவள் சொல்லித்தான் தெரிந்தது.

அன்பருக்கு என் பதில் இதுதான். செயலி, போட்டோவில் இருப்பதை மாற்றித் தரும். இல்லாததைப் பற்றி அது யாரிடமும் கேட்காது. வரைகிறவர் கேட்க வேண்டும். கேட்காமல் வரைந்தால் எவ்வளவு பெரிய கைக்கும் தவறு வரும். ஜெர்மானிய ஓவியர் டியூரர் 1515-இல் காண்டாமிருகத்தை, மரப்பலகையில் செதுக்கித் தாளில் அச்சிடும் படமாக்கினார். விலங்கை அவர் பார்த்ததே இல்லை, அதைப் பற்றி வந்த எழுத்தையும் ஒரு கோட்டோவியத்தையும் வைத்துத்தான் செய்தார். தோல் போர்க்கவசம் போல வந்தது, முதுகில் இல்லாத சின்னக் கொம்பு ஒன்றும் முளைத்தது. மங்கலான போட்டோ என் கைக்கு வரும்போதெல்லாம் அந்தச் சின்னக் கொம்புதான் நினைவுக்கு வரும்.

மூன்று வாரம் எங்கே போகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு நாயின் முகம் என்றால், முதல் இரண்டு நாள் அளவெடுப்பதற்கே போய்விடும். மூக்குக்கும் கண்ணுக்கும் உள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டர் பிசகினாலும் அது வேறு நாய். அப்புறம் ரோமம் எந்தத் திசையில் போகிறது என்று மெல்லிய கோட்டில் குறித்துக்கொள்வேன். மூக்கிலிருந்து நெற்றியை நோக்கி ஏறும், கண்களுக்கு நடுவில் பிரியும், கன்னத்தில் கீழே சரியும். இதைக் குறிக்காமல் ஷேடிங்கில் இறங்கினால் நாய் பஞ்சுப் பொம்மையாகிவிடும். மீசை முடிதான் எனக்கு மிகவும் பிடித்த இடம். வெள்ளை முடியைப் பென்சிலால் வரைய முடியாதே! அதனால் ஷேடிங்குக்கு முன்பே, மழுங்கிய ஊசியால் தாளில் அழுத்தி ஒரு பள்ளக்கோடு இழுத்துவிடுவேன். மேலே பென்சில் ஓடும்போது பள்ளத்துக்குள் பென்சில் தூள் இறங்காது, முடி வெள்ளையாகவே நிற்கும். ஊசி ஒரு தடவை தவறினால் அழிக்க வழியில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் இழுப்பேன்.

பென்சிலில் இத்தனை விதமான கறுப்பா என்று கேட்பவர்களும் உண்டு. 1795-இல் பிரான்சில் கோன்டே என்பவர், போரால் இங்கிலாந்திலிருந்து பென்சிலுக்குள் இருக்கும் கறுப்புப் பொருளான கிராஃபைட் நல்லதாக வராமல் போனபோது, கிராஃபைட் பொடியைக் களிமண்ணோடு பிசைந்து சூளையில் சுட்டுப் பார்த்தார். களிமண் கூடினால் கெட்டி, கோடு வெளிறும். அதுதான் எச் வரிசை. குறைந்தால் மென்மை, கறுப்பு. அது பி வரிசை. கன்னத்துக்கு 2எச், தாடை நிழலுக்கு 4பி என்று நான் மாற்றி மாற்றி எடுப்பதெல்லாம் அவர் புண்ணியம். ஆனால் 8பி-யைக் கூட அழுத்தித் தேய்த்தால் கறுப்பாவதற்குப் பதில் பளபளக்கத் தொடங்கும். கண்பாவையின் ஆழ்ந்த கறுப்புக்கு நான் மரக்கரியால் ஆன கரிப் பென்சில் வைத்திருக்கிறேன். அதை முதலிலேயே இட்டுவிட வேண்டும். கிராஃபைட் வழுவழுப்பின் மேல் கரி பிடிக்காது.

மனிதர்களை வரைவது இன்னும் கடினம், ஏனென்றால் பெரும்பாலும் மறைந்துபோனவர்களைத்தான் கேட்கிறார்கள். அம்மாவை வரையச் சொல்லி ஒருவர் கொடுத்த போட்டோவில், மூக்கின் மேல் இரண்டு பக்கமும் சின்னக் குழி தெரிந்தது. "அம்மா கண்ணாடி போடுவாங்களா?" என்று கேட்டேன். தூங்கும்போது மட்டும்தான் கழற்றுவார் என்றார். போட்டோவுக்காகக் கழற்றியிருக்கிறார்! மறுநாள் அந்தக் கண்ணாடியையே கொண்டுவந்து கொடுத்தார். ஒரு பக்கக் கம்பி உடைந்து, கறுப்பு நூலால் சுற்றிக் கட்டியிருந்தது. பதினொரு சுற்று. எண்ணித்தான் வரைந்தேன். படத்தை வாங்கியவர் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் அந்த நூலைத்தான் விரலால் தொட வந்தார், பென்சில் கலையும் என்று தெரிந்து கையை இழுத்துக்கொண்டார்.

சிலர் சட்டைப் பூ, பின்னால் இருக்கும் திரை என்று எல்லாவற்றையும் ஒரே நுணுக்கத்தில் கேட்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பிரெஞ்சு ஓவியர் ஆங்க்ர், 1815-க்குப் பிறகு ஆதரித்தவர்கள் போய்விட்ட நிலையில், ரோமுக்கு வந்த பயணிகளைப் பென்சிலில் வரைந்துதான் குடும்பத்தைக் காப்பாற்றினார். அந்தப் படங்களில் முகம் அவ்வளவு நுணுக்கமாக இருக்கும், உடை நாலைந்து கோட்டில் ஓடி நின்றுவிடும். பார்ப்பவர் கண் எங்கே நிற்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

ஆர்டர் கொடுக்க நினைப்பவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. இருக்கும்போதே நல்ல போட்டோ எடுத்து வையுங்கள். மிகவும் கிட்டே போகாதீர்கள், மூக்கு பெருத்துக் காது சிறுத்துவிடும். இரண்டு மீட்டர் தள்ளி நின்று, ஜூம் செய்யுங்கள். ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம். நாய், பூனையின் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்பும் படலம் ஒன்று இருக்கிறது. ஃபிளாஷ் பட்டால் கண் பச்சையாக எரிந்து எல்லாமே தொலைந்துவிடும். ஒரு பக்கமிருந்து ஜன்னல் வெளிச்சம் விழட்டும். பிராணி என்றால் நீங்களும் தரையில் உட்காருங்கள், அதன் கண் மட்டத்துக்கு.

கேள்வி கேட்ட அன்பர் வீட்டில் நாயோ பூனையோ இருந்தால், அவர் என்னிடம் வரக்கூட வேண்டாம். அது ஜன்னலோரம் படுத்திருக்கும் ஒரு மத்தியான நேரத்தில், 2பி பென்சில் ஒன்றை எடுத்துக்கொண்டு அவரே பக்கத்தில் உட்காரட்டும். கண்ணிலிருந்து தொடங்கட்டும். ஒளிப்புள்ளி இருக்கும் இடத்தைத் தொடாமல் வெள்ளையாக விட்டுவிடட்டும், அந்த முழு வெள்ளையை அப்புறம் ரப்பரால் கொண்டுவருவது கடினம்.

இப்படிக்கு,
பென்சிலில் உருவப்படம் வரையும் தங்கள் வாசகி