'பிறகு நினைவூட்டு'

ஆசிரியர் அவர்களுக்கு,

வீட்டுக் கணினிக்கு எந்த ஆன்டிவைரஸ் நல்லது என்று சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பயனுள்ளதுதான். ஆனால் அப்டேட் பற்றி அதில் ஒரே ஒரு வரி, அதுவும் கடைசியில். என்னைக் கேட்டால் அங்கிருந்துதான் தொடங்கியிருக்க வேண்டும்.

2017 மே 12 அன்று வான்னாக்ரை என்ற ரான்சம்வேர் பரவியது. கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. பிரிட்டனில் மருத்துவமனைகளே திணறின. அது நுழைந்த பாதுகாப்பு ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை, அப்போது ஆதரவிலிருந்த (அதாவது தொடர்ந்து அப்டேட் பெற்றுவந்த) விண்டோஸ் பதிப்புகளுக்கு மைக்ரோசாஃப்ட் மார்ச் 14 அன்றே கொடுத்துவிட்டது. ஏறத்தாழ இரண்டு மாத அவகாசம்! யாரும் எந்த இணைப்பையும் திறக்க வேண்டியிருக்கவில்லை. அப்டேட் போடாத கணினி நெட்வொர்க்கில் இருந்ததே அதற்குப் போதுமானதாக இருந்தது.

நானும் யோக்கியன் இல்லை. அப்டேட் கேட்கும்போதெல்லாம் 'பிறகு நினைவூட்டு' என்பதை மாதக்கணக்கில் அழுத்தியவன்தான். ஆனால் என்னிடம் ஸ்பைவேர், அதாவது வேவு பார்க்கும் மென்பொருள், வந்தது வேறு வழியில். இலவச வீடியோ கன்வெர்ட்டர் ஒன்றை இறக்கி, படிக்காமலே 'நெக்ஸ்ட், நெக்ஸ்ட்' என்று தட்டினேன். கூடவே பிரவுசரில் ஒரு டூல்பாரும் இரண்டு எக்ஸ்டென்ஷன்களும் (கூடுதல் இணைப்பு நிரல்கள்) ஏறிக்கொண்டன. பிரவுசரின் முகப்புப் பக்கம் தானாக மாறிய பிறகுதான் விழித்தேன். ஆன்டிவைரஸ் வாயே திறக்கவில்லை. நானே 'சம்மதம்' கொடுத்து உள்ளே விட்டதை அது என்ன செய்யும்?

அதன்பின் அன்றாட வேலைக்கு அட்மின் உரிமை (கணினியில் எதையும் மாற்றும் முழு அதிகாரம்) இல்லாத தனிக் கணக்கு வைத்துக்கொண்டேன். பெரும்பாலானவற்றை நிறுவும்போது பாஸ்வேர்டு கேட்கிறது. எரிச்சல்தான், ஆனாலும் அந்த நேரத்தில் கை கொஞ்சம் நிற்கிறது.

'பாதுகாப்புக்கு இரண்டு ஆன்டிவைரஸ்' என்ற அந்தக் கட்டுரையின் யோசனையை மட்டும் ஏற்க முடியவில்லை. இரண்டும் ஒரே கோப்பை ஒரே நேரத்தில் சோதிக்கப் பாய்ந்தால், கணினி தவழும். சில சமயம் ஒன்றையொன்று வைரஸ் என்றே நினைத்துக்கொள்ளும். விண்டோஸுடன் வரும் டிஃபெண்டர் ஆன்டிவைரஸை அணைக்காமல் வைத்திருந்தாலே பெரும்பாலான வீடுகளுக்குப் போதும். மிச்சமாகும் பணத்தில் ஒரு வெளி ஹார்ட் டிஸ்க் வாங்கி, பேக்கப் எடுத்ததும் கழற்றி வைத்துவிடலாம். செருகியே வைத்திருந்தால் ரான்சம்வேர் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும்.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. புதிய பதிப்பை ஏற்காத பழைய கணினி வைத்திருப்பவர்கள் என்ன செய்யலாம், விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸ் இயங்குதளத்துக்கு மாறுவது எவ்வளவு எளிது என்று ஒரு கட்டுரை வெளியிடுங்கள். என் மேசையிலும் அப்படி ஒன்று இருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு வாசகன்