பேரம் பேசி வருவதல்ல படிப்பு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அரையாண்டுத் தேர்வு நெருங்குகிறது. "90-க்கு மேல் எடு, சைக்கிள் வாங்கித் தர்றேன்" என்ற பேரம் வீட்டுக்கு வீடு தொடங்கியிருக்கும். அடிப்பதைவிட இது மேல்தான். ஆனாலும் கெடுதல் உண்டு.

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மழலையர் பள்ளியில் மார்க் லெப்பர் குழுவினர் செய்த ஆய்வு 1973-இல் வெளியானது. வரைவதில் ஏற்கெனவே ஆசையுள்ள குழந்தைகளில் ஒரு பிரிவினரிடம், வரைந்தால் பரிசு என்று முன்பே சொன்னார்கள். இன்னொரு பிரிவுக்குச் சொல்லாமல் கொடுத்தார்கள். சில நாள் கழித்து, பரிசுப் பேச்சே இல்லாமல் பேனாக்களை மேசையில் வைத்தபோது, பேரத்துக்கு வரைந்தவர்கள் மற்றவர்கள் வரைந்ததில் ஏறக்குறைய பாதி நேரமே வரைந்தார்கள். சொல்லாமல் பரிசு பெற்றவர்களுக்கு ஆசை குறையவில்லை. (வாய்ப்பாடு போல, துளியும் பிடிக்காத வேலைக்குச் சின்னப் பரிசு கொடுத்தால் குடிமுழுகிப் போகாது.)

பேரத்துக்குப் பதில் என்ன செய்யலாம்? வீட்டுப்பாடம் செய்வதா வேண்டாமா என்பதைப் பிள்ளையின் விருப்பத்துக்கு விட வேண்டியதில்லை. 5 மணிக்கா, விளையாடிவிட்டு வந்து 6 மணிக்கா, எந்தப் பாடம் முதலில் என்பதை அதுவே எழுதி பீரோவில் ஒட்டட்டும். நினைவூட்டல் ஒரே ஒரு முறை.

503-இல் 278-ஐக் கழிக்கும்போது நடுவிலுள்ள பூச்சியத்தில் பிள்ளை முட்டி நிற்கும். பென்சிலைப் பிடுங்காதீர்கள். "எதுவரைக்கும் வந்திருக்கே, சொல்லு" என்று கேளுங்கள். சொல்லும்போதே பல பிள்ளைகளுக்கு வழி தெரிந்துவிடும். தெரியாவிட்டால் ஐந்து 100 ரூபாய் நோட்டு, மூன்று 1 ரூபாய் நாணயம் வையுங்கள். ஒரு நூறைப் பத்து 10 ரூபாயாகவும், அதில் ஒன்றைப் பத்து 1 ரூபாயாகவும் மாற்றினால் கையில் 4 நூறு, 9 பத்து, 13 ஒன்று. இனி 225 என்ற விடையைப் பிள்ளையே எடுத்துவிடும்.

இப்படிப் பொறுப்பைப் பிள்ளையிடம் விட்ட பிறகு, பெரும்பாலும் முதல் வாரத்தில்தான் எல்லாம் கெடுகிறது. நோட்டு அரைகுறையாகப் போகும், டைரியில் சிவப்பு மையில் குறிப்பு வரும், பதறிப்போய் அம்மாவே உட்கார்ந்து எழுதவைப்பார். 'கொஞ்சம் பொறுத்தால் யாராவது செய்துவிடுவார்கள்' என்பதைப் பிள்ளை அன்றைக்கே கற்றுக்கொள்ளும். வகுப்பாசிரியரிடம் முன்கூட்டியே இரண்டு வாரம் அவகாசம் கேட்டு வைப்பது நல்லது.

அதன் பிறகும் நோட்டைக் கண்டாலே ஒதுங்கும் பிள்ளையைச் சோம்பேறி என்று முடிவுகட்டும் முன் கண் பரிசோதனை செய்துவிடுங்கள். கரும்பலகை மங்கலாகத் தெரியும் பிள்ளை அதை வீட்டில் சொல்லாது. எல்லோருக்கும் அப்படித்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொடக்கப் பள்ளி ஆசிரியை,
கும்பகோணம்