தபாலில் வரும் அந்த உறையைப் பிரித்துப் பாருங்கள்: ஃப்ரீமேண்டில் வட்டாரத் தமிழர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஃப்ரீமேண்டிலிலும் அக்கம்பக்கத்திலும் குடியிருக்கும் சொந்தங்களுக்கு,

வணக்கம். தமிழ்நாடு, ஈழம், மலேசியா, சிங்கப்பூர் என்று எங்கிருந்து வந்தவரானாலும் இந்த மடல் உங்களுக்குத்தான்.

இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, செப்டம்பர் கடைசியில், கவுன்சில் (உள்ளாட்சி) தேர்தலுக்கான வாக்குச்சீட்டோடு மேற்கு ஆஸ்திரேலியத் தேர்தல் ஆணையத்தின் உறை ஒன்று வீடு தேடி வருகிறது. நம்மவர் வீடுகள் பலவற்றில் அது கடை விளம்பரங்களோடு சேர்ந்து மஞ்சள் மூடித் தொட்டிக்குள் போய்விடுகிறது. "கவுன்சில் தேர்தல்தானே, போடாவிட்டால் அபராதம் இல்லையே" என்கிறார்கள். அபராதம் இல்லைதான். மத்திய, மாநிலத் தேர்தல்களில் வாக்களிப்பது கட்டாயம், இந்த மாநிலத்தில் உள்ளாட்சித் தேர்தலில் அப்படி இல்லை. அதனால் மாநிலம் முழுக்கப் பார்த்தால் பத்தில் மூன்று பேர் அளவுக்கே வாக்களிக்கிறார்கள். ஒரு வார்டின் முடிவு சில நூறு வாக்குகளில், சில சமயம் அதற்கும் குறைவாக, திரும்பிவிடும். ஒரு தெருவில் பத்து தமிழ்க் குடும்பம் இருந்தால் அது சின்ன எண்ணிக்கை இல்லை.

முதலில் நாம் எந்தக் கவுன்சிலில் இருக்கிறோம் என்பதே பலருக்குத் தெளிவில்லை. ஹில்டன், சாம்சன், பீக்கன்ஸ்ஃபீல்டு, ஒயிட் கம் வேலி, தெற்கு ஃப்ரீமேண்டில், வடக்கு ஃப்ரீமேண்டில் ஆகியவை ஃப்ரீமேண்டில் கவுன்சிலைச் சேர்ந்தவை. ஹாமில்டன் ஹில், ஸ்பியர்வுட் காக்பர்ன் கவுன்சிலில் வரும். பல்மைரா, பிக்டன் மெல்வில் கவுன்சிலில் வரும். கிழக்கு ஃப்ரீமேண்டில் 1897 முதல் தனிக் கவுன்சில். "ஃப்ரீமேண்டில் கவுன்சில் எங்கள் தெருவைக் கவனிப்பதே இல்லை" என்று ஸ்பியர்வுட்டில் இருந்துகொண்டு கோபப்பட்டால் அந்தக் கோபம் போய்ச்சேர வேண்டிய இடத்துக்குப் போகாது.

கிழக்கு ஃப்ரீமேண்டில் இன்னும் தனியாக நிற்பதற்குக் காரணமே ஒரு வாக்கெடுப்புதான். கவுன்சில்களை இணைத்து எண்ணிக்கையைக் குறைக்க அன்றைய மாநில அரசு திட்டமிட்டபோது, 2015 பிப்ரவரியில் அங்கே மக்கள் வாக்கெடுப்பு நடந்தது. சட்டத்தில் நிபந்தனை ஒன்று உண்டு: வாக்காளர்களில் பாதிப் பேராவது வாக்களித்து, அதில் பெரும்பான்மை எதிர்த்தால்தான் இணைப்பு நிற்கும். வாக்களிக்காமல் இருப்பதும் இணைப்புக்கு ஆதரவாகவே முடியும் என்பதை அந்தச் சின்ன ஊர் புரிந்துகொண்டது. பாதிக்கு மேல் வாக்களித்தார்கள், பெரும்பான்மை எதிர்த்தார்கள், இணைப்பு நின்றது. இணைப்பு நல்லதா கெட்டதா என்பதில் எங்களுக்குள்ளேயே இரண்டு கருத்து உண்டு. ஆனால் உறையைப் பிரித்தவர்கள்தான் முடிவெடுத்தார்கள் என்பதில் சந்தேகமே இல்லை.

அடுத்தது, எந்தக் குறைக்கு எந்தக் கதவு என்பது. துறைமுகம் கவுன்சிலுடையது அல்ல. ஆற்று முகத்தில் கிடந்த சுண்ணாம்புப் பாறையை வெடிவைத்துத் தகர்த்து, சி.ஒய். ஓ'கானர் கட்டிய உள்துறைமுகம் 1897-இல் திறந்தது முதல் இந்த ஊரின் உயிர்நாடி அதுதான். என்றாலும் அதை நடத்துவது மாநில அரசின் நிறுவனம். கன்டெய்னர் வேலையைக் குவினானாவுக்கு மாற்றும் திட்டம், லாரிகள் ஓடும் பெருஞ்சாலை, ஆற்றுப் பாலம் எல்லாம் மாநிலத்தின் கையில். அதற்கு உங்கள் மாநிலச் சட்டமன்ற உறுப்பினரைப் பிடிக்க வேண்டும். கோடையில் ஆட்டுக் கப்பல் வாடை வீசுகிறது என்றால் அது மத்திய அரசு: உயிருள்ள ஆடுகளைக் கப்பலில் ஏற்றுமதி செய்வது 2028 மே 1 முதல் நிற்க வேண்டும் என்று 2024-இல் சட்டம் நிறைவேறிவிட்டது. கவுன்சிலின் கையில் இருப்பவை உள்ளூர்த் தெரு, நடைபாதை, பூங்கா, மண்டபம், நூலகம், குப்பை, கட்டட அனுமதி, கடை உரிமம், நாய். நம் அன்றாடத்தை அதிகம் தொடுகிறவை இவைதான்.

ரேட்ஸ், அதாவது கவுன்சிலுக்குக் கட்டும் வீட்டு வரி விஷயத்திலும் இதே குழப்பம். உங்கள் வீடு ஓர் ஆண்டுக்கு என்ன வாடகைக்குப் போகும் என்ற மதிப்பை நிர்ணயிப்பது மாநில அரசின் சொத்து மதிப்பீட்டு அமைப்பான லேண்ட்கேட். பெர்த் மாநகரப் பகுதியில் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை அது மாறும். அந்த மதிப்பை ஒரு டாலருக்கு இத்தனை சென்ட் என்று பெருக்கும் விகிதத்தைத்தான் கவுன்சில் முடிவு செய்கிறது. கணக்குக்காகச் சொன்னால், மதிப்பு 26,000 டாலர், விகிதம் 8 சென்ட் என்றால் ரேட்ஸ் 2,080 டாலர். மதிப்பே தவறு என்று தோன்றினால் ரேட்ஸ் நோட்டீஸ் வந்த 60 நாளுக்குள் லேண்ட்கேட்டுக்கு ஆட்சேபம் எழுத வேண்டும். கவுன்சில் கவுன்டரில் நின்று சத்தம் போட்டுப் பயனில்லை. விகிதம் அதிகம் என்றால் கவுன்சில்தான் சரியான இடம், ஆனால் பட்ஜெட் நிறைவேறுவதற்கு முன்பு. ஆகஸ்ட் 31-க்குள் பட்ஜெட் முடிந்துவிடும். செப்டம்பரில் எழுதும் கடிதம் அடுத்த ஆண்டுக்குத்தான் உதவும்.

இனி அந்த உறைக்குள் இருப்பதைப் பார்ப்போம். வாக்குச்சீட்டு, வேட்பாளர்களின் சுருக்கமான அறிமுகம், வாக்குச்சீட்டை வைக்கும் உறை, நீங்கள் கையெழுத்திட வேண்டிய வாக்காளர் சான்று, தபால்தலை தேவையில்லாத பதில் உறை. பிழை நடப்பது பெரும்பாலும் இரண்டே இடத்தில்தான். ஒன்று, சான்றில் கையெழுத்துப் போட மறப்பது. இன்னொன்று நம் வீடுகளில் சகஜம்: கணவன், மனைவி, மாமியார் என்று மூன்று பேருக்கு வந்ததைச் சாப்பாட்டு மேசையில் ஒன்றாகப் பிரித்துப் போட்டு, ஒருவர் சான்றில் மற்றவர் கையெழுத்திட்டுவிடுவது. சான்றில் அச்சிட்ட பெயருக்கும் கையெழுத்துக்கும் பொருந்தவில்லை என்றால் வாக்கு எண்ணிக்கைக்கே போகாது. ஒருவருடையதைப் பிரித்து, எழுதி, ஒட்டி முடித்த பிறகு அடுத்தவருடையதைத் தொடுங்கள். வீட்டுப் பெரியவருக்கு எழுத்து தெரியாவிட்டால் வாசித்துச் சொல்லலாம். அவருக்காக முடிவு செய்யக் கூடாது.

சீட்டில் டிக் போடாமல் எண் எழுதுங்கள். 2023 முதல் விருப்ப வரிசை முறை வந்திருக்கிறது. 1 மட்டும் எழுதினாலும் செல்லும். ஆனால் உங்கள் வேட்பாளர் குறைந்த வாக்கோடு வெளியேறினால் உங்கள் சீட்டும் அத்தோடு நின்றுவிடும். 2, 3 என்று எழுதியிருந்தால் அடுத்தவருக்கு நகரும். முழுவதும் எழுதுங்கள் என்பதே எங்கள் பரிந்துரை. தபால் இப்போது முன்னைப்போல் வேகமில்லை. தேர்தலுக்கு முந்தின வாரமே பெட்டியில் போட்டுவிடுங்கள். தாமதமாகிவிட்டால் தேர்தல் நாள் மாலை 6 மணிக்குள் கவுன்சில் அலுவலகத்தில் நேரில் கொடுக்கலாம்.

வாடகை வீட்டில் இருப்பவர்கள் "ரேட்ஸ் கட்டுகிறவர்களுக்குத்தானே ஓட்டு" என்று ஒதுங்க வேண்டாம். குடியுரிமை பெற்று, அந்த முகவரியில் வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் போதும். ஃப்ரீமேண்டிலில் கடையோ உணவகமோ குத்தகைக்கு எடுத்து நடத்தி, வேறு கவுன்சிலில் குடியிருப்பவர்களும் உரிமையாளர், குத்தகைக்காரர் பட்டியலில் சேர விண்ணப்பிக்கலாம். அது தானாக நடக்காது, குத்தகைக்காரர் பதிவு காலாவதியும் ஆகும்.

நிரந்தர வதிவிட விசாவில் இருப்பவர்களுக்கு வாக்கு இல்லை. ஆனால் கேள்வி உண்டு, அதைத்தான் நாம் கொஞ்சமும் பயன்படுத்துவதில்லை. சாதாரணக் கவுன்சில் கூட்டம் ஒவ்வொன்றிலும் பொதுமக்கள் கேள்விக்குக் குறைந்தது 15 நிமிடம் ஒதுக்க வேண்டும் என்பது விதி. குடியுரிமை கேட்கமாட்டார்கள். கூட்டத்துக்கு 72 மணி நேரம் முன்பாவது நிகழ்ச்சி நிரல் வெளிவரும். கவுன்சில் கூடும் வால்யலப் மையத்துக்கு நேரில் போய் நிற்பதற்கு முன் கேள்வியை எழுத்தில் அனுப்பிவிடுங்கள். அனுப்பாமல் கேட்டால் "பிறகு எழுத்தில் பதில் தருகிறோம்" என்று முடித்துவிட வாய்ப்பு அதிகம். கேள்வியின் வடிவமும் முக்கியம். "எங்கள் பூங்காவில் ஏன் விளக்கு இல்லை?" என்றால் "கவனத்தில் கொள்கிறோம்" என்ற பதிலோடு போய்விடும். "இந்தப் பூங்காவின் வடக்குப் பாதைக்கு விளக்கு போடும் வேலை இந்த ஆண்டு பட்ஜெட்டில் இருக்கிறதா? இல்லையென்றால் எந்த ஆண்டு, மதிப்பீடு எவ்வளவு?" என்று கேட்டால் ஒரு எண்ணையோ ஆண்டையோ சொல்லியாக வேண்டும். கேள்வியும் பதிலும் சுருக்கமாகக் கூட்டக் குறிப்பில் ஏறும். அடுத்த ஆண்டு அதே குறிப்பைக் கையில் வைத்துக்கொண்டு மறுபடி கேட்கலாம்.

பொங்கல் பற்றியும் சொல்லியாக வேண்டும். பூங்காவில் பொங்கல் வைக்க ஆசைப்படும் குழுக்கள் டிசம்பரில் அனுமதி கேட்டுப் போய், கவுன்சில் தடுக்கிறது என்று வருத்தத்தோடு திரும்புகிறார்கள். ஜனவரி நடுப்பகுதி இங்கே காட்டுத்தீப் பருவத்தின் உச்சம். முழுத் தீத் தடை அறிவித்த நாளில் திறந்தவெளியில் விறகடுப்பு, கரியடுப்பு எதுவும் கூடாது. மீறினால் 25,000 டாலர் வரை அபராதம், 12 மாதம் வரை சிறை. வழக்கமாக முந்தின நாள் மாலையில்தான் அறிவிப்பு வரும். ஆகவே மூன்று செங்கல், விறகு என்று திட்டம் போட்டால் கடைசி நிமிடத்தில் எல்லாம் கவிழும். கேஸ் அடுப்புக்குத் திட்டமிடுங்கள். தடை நாளில் அதற்கும் நிபந்தனை உண்டு: பூங்காவில் சமையலுக்கென்று ஒதுக்கிய இடமாக இருக்க வேண்டும், சுற்றிலும் 5 மீட்டருக்குக் காய்ந்த புல், அட்டைப்பெட்டி, தோரணம் எதுவும் இருக்கக் கூடாது. கரும்புச் சோகையை அடுப்பு ஓரம் கட்டுவது அழகுதான், இங்கே அது முடியாது.

காற்று இன்னொரு எதிரி. 'ஃப்ரீமேண்டில் டாக்டர்' என்று ஊரே பெயர் வைத்திருக்கும் தென்மேற்குக் கடற்காற்று கோடையில் நண்பகலை ஒட்டித் தொடங்கும். கரையோரப் பூங்காவில் மதியம் அடுப்பு பற்றாது, பந்தல் பறக்கும். புல்லடியில் தண்ணீர்க் குழாய் ஓடுவதால் பூங்காக்களில் முளை அடிக்க விடமாட்டார்கள், எனவே ஒவ்வொரு காலுக்கும் எடைப்பை வேண்டும். காலை 7 மணிக்கு அடுப்பு மூட்டி 9 மணிக்குள் பால் பொங்கிவிட்டால் வெயில், காற்று இரண்டையும் தாண்டிவிடலாம். ஊரிலும் காலையில்தானே பொங்கல்.

நாதஸ்வரம், தவில், ஒலிபெருக்கி வைத்து ஒலி அளவு மீறும் என்று தெரிந்தால், மாநில ஒலி விதிகளின் கீழ் விலக்கு வாங்க 60 நாள் முன்பே விண்ணப்பிக்க வேண்டும். ஜனவரி 15 விழாவுக்கு நவம்பர் 16 கடைசி. கிறிஸ்துமஸை ஒட்டி அலுவலகம் மூடிவிடும் என்பதால் அக்டோபரிலேயே கொடுத்துவிடுவது நல்லது. பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சான்று, பெரும்பாலும் 2 கோடி டாலருக்கு, உடன் கேட்பார்கள். வடை, தயிர்சாதம் விற்பதாக இருந்தால் தற்காலிக உணவுக் கடைக்கு அனுமதி தேவை. கை கழுவக் குழாய் வைத்த தண்ணீர்க் கேன், சோப்பு, காகிதத் துண்டு, அழுக்குத் தண்ணீருக்கு வாளி ஆகியவற்றை அதிகாரி முதலில் பார்ப்பார். சூடான உணவு 60 டிகிரிக்கு மேல், குளிர்ந்தது 5 டிகிரிக்குக் கீழ். வெந்த சோறு வெளியே 4 மணி நேரம் தாண்டினால் கொட்டிவிட வேண்டும், தயிர்சாதமும் அதில் அடக்கம். வாழையிலை, காய்த்தோல், மிஞ்சிய சோறு எல்லாம் உணவுக் கழிவுத் தொட்டிக்கு. மெழுகு, பிளாஸ்டிக் பூசிய தட்டு அதில் ஒன்று விழுந்தாலும் உரமாகும் கழிவு கெடும்.

ஊர்வலம் போக நினைப்பவர்கள் இத்தாலிய மீனவக் குடும்பங்களைப் பாருங்கள். மோல்ஃபெட்டாவிலிருந்தும் கேப்போ டி'ஓர்லாண்டோவிலிருந்தும் வந்தவர்கள் 1948 முதல் அக்டோபரில் படகு ஆசீர்வாத விழா நடத்துகிறார்கள். புனித பேட்ரிக் பேராலயத்திலிருந்து மாதா சுரூபங்கள் மீன்பிடித் துறைமுகம் வரை தெருவழியே போகும். தூத்துக்குடி பனிமய மாதா தேரைப் பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சி பழகியதாகத் தோன்றும். தெருவில் நடக்கும் நிகழ்ச்சிக்கு அனுமதி தருவது காவல்துறை. போக்குவரத்துத் திட்டத்தைத் தகுதி பெற்றவர் வரைய வேண்டும், கவுன்சிலோடும் பேசி வைக்க வேண்டும். காவடி எடுக்கவும் இதே வழிதான்.

குடியுரிமை விழா நடத்துவதும் கவுன்சிலே. ஆங்கிலேயர் வந்து குடியேறிய நாளை ஆஸ்திரேலிய தினமாகக் கொண்டாடும் ஜனவரி 26 வாணவேடிக்கையைக் கைவிட 2016-இல் ஃப்ரீமேண்டில் கவுன்சில் முடிவெடுத்து, 2017 ஜனவரி 28 அன்று வேறொரு விழா நடத்தியது. இந்த மண்ணின் பூர்வகுடிகளான நூங்கர் மக்களுக்கு அந்தத் தேதி துக்கநாள் என்பதே காரணம். குடியுரிமை விழாவையும் நகர்த்த முயன்றபோது மத்திய அரசு எச்சரித்ததால் அதை மட்டும் 26-ஆம் தேதியே நடத்த வேண்டியதாயிற்று. 2022 டிசம்பரில் மத்திய விதி மாறி, அந்தத் தேதிக்கு முன்னும் பின்னும் மூன்று நாள்வரை நடத்தலாம் என்றானது. நம்மில் பலர் கையை உயர்த்தி உறுதிமொழி எடுக்கும் நாளைப் பற்றிய விவாதம் இது. அதில் தமிழர் குரல் ஒன்றுகூட எங்கள் காதில் விழவில்லை என்பது எங்களுக்கு உறுத்தலாக இருக்கிறது.

உறுதிமொழி எடுத்த அன்றே வாக்காளர் பதிவுப் படிவத்தை நிரப்பிக் கொடுத்துவிடுங்கள். வீடு மாறியவர்கள் ஒரு மாதம் ஆனதும் முகவரியைத் திருத்துங்கள். திருத்தாவிட்டால் உறை பழைய வீட்டுக்குப் போகும். அடுத்த தேர்தல் 2027 அக்டோபர் 16, சனிக்கிழமை. பட்டியல் அதற்கு 50 நாள் முன்பு, ஆகஸ்ட் 27 வெள்ளிக்கிழமை மாலை 5 மணிக்கு மூடப்படும்.

அன்புடன்,
ஃப்ரீமேண்டில் வட்டாரத் தமிழர் சிலர்