கடிகாரத்தை விடு, கரையைப் பார்

அன்புள்ள பாப்பாவுக்கு,

உன் கவர் செவ்வாய்க்கிழமை வந்தது. உள்ளே அந்தப் பட அட்டை, பின்னால் "அப்பா, இதை எப்படிப் பார்க்கணும்?" என்று ஒரே வரி. அம்மா கவரைத்தான் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அனுப்புநர் முகவரி மாறியிருக்கிறது. சரி, நீ கேட்டதற்கு முதலில் பதில் எழுதுகிறேன்.

ஸ்பெயின் ஓவியர் சல்வடோர் டாலி 1931-ல் வரைந்த 'நினைவின் நீடிப்பு' அது. 1934 முதல் உன் ஊர் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில்தான் இருக்கிறது. உயரம் 24 சென்டிமீட்டர், அகலம் 33. ஏ4 தாளைப் படுக்கவைத்தால் அதைவிடக் கொஞ்சம்தான் பெரிது. போஸ்டரில் பார்த்துப் பழகியவர்கள் நேரில் பார்த்ததும் 'இவ்வளவுதானா' என்று எட்ட நின்று ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். நீ அப்படிச் செய்யாதே. காவலர் விடுகிற வரைக்கும் கிட்டப் போய் நில். அவசரப்படாதே.

அட்டையை மேசைமேல் வை. தொய்ந்து தொங்கும் மூன்று கடிகாரங்களையும், நடுவில் தரையில் கிடக்கும் அந்த நீண்ட இமை வைத்த முகத்தையும் காகிதத் துண்டுகளால் மறைத்துவிடு. மிச்சம் இருப்பதை ஐந்து நிமிஷம் பார். முன்னால் இருண்ட பழுப்பில் ஒன்றுமில்லாத தரை. தூரத்தில் ஒரு பட்டைக் கடல். வலது மேல் மூலையில் மஞ்சள் வெளிச்சம் விழும் பாறைகள். அது கற்பனை இடம் இல்லை. ஸ்பெயினின் வடகிழக்கு மூலையில், கடலோனியாவில் இருக்கும் காப் டி கிரேயுஸ் கரை. அங்கே காற்றும் கடலும் அரித்து அரித்துப் பாறைகள் மிருகம் போலவும் முகம் போலவும் ஆகியிருக்கின்றன. நடுவில் கிடக்கும் முகமே அப்படி ஒரு பாறையிலிருந்து வந்ததுதான். 1929-ல் வரைந்த படத்திலும் அதை அவர் வைத்திருக்கிறார்.

நிலத்தை ஏன் முதலில் பார்க்கச் சொல்கிறேன் என்றால், அவரும் நிலத்தைத்தான் முதலில் வரைந்தார். பாறையும் கிளை வெட்டிய ஆலிவ் மரமும் முடிந்துவிட்டன. அதில் என்ன வைப்பது என்று தெரியவில்லை. ஒரு ராத்திரி சாப்பாட்டுக்குப் பின் மேசையில் உருகிக்கிடந்த கமம்பேர் பாலாடைக்கட்டியைப் பார்த்த பிறகுதான் கடிகாரங்கள் வந்தன என்று அவரே எழுதியிருக்கிறார். பெரும்பாலானவர்கள் தலைகீழாகத் தொடங்குகிறார்கள். கடிகாரம் உருகுகிறது, ஆகவே காலம் பொய், ஆகவே ஐன்ஸ்டைன் என்று மூன்று எட்டில் முடித்துவிடுகிறார்கள். சார்பியலா என்று பின்னாளில் கேட்டபோதும் அவர் பாலாடைக்கட்டி என்றுதான் சொன்னார். அதற்காக வெறும் பாலாடைக்கட்டி என்றும் விட்டுவிடாதே. கடினமான கரையில் இளகிய பொருள்: அந்த மோதல்தான் படம். பாறை விளிம்பும் அடிவானமும் கத்தியால் கீறியது போல் இருக்கின்றன. உலோகமும் முகமும் துணி மாதிரி தொய்கின்றன. இந்தப் படத்தில் எது இறுகியது, எது இளகியது என்று இரண்டு பட்டியல் போடு. குறியீட்டு அகராதி எதையும் திறக்காதே.

பட்டியல் போட்டால் ஒன்று இடிக்கும். அது உன் கண்ணில் ஏற்கெனவே பட்டுவிட்டது. ஆரஞ்சுக் கடிகாரத்தின் மேல் பென்சிலால் சின்ன வட்டம் போட்டிருக்கிறாய். மூடி கவிழ்ந்து கிடக்கும் அது ஒன்றுதான் படத்தில் இளகாத கடிகாரம். எறும்பு மொய்ப்பதும் அதன் மேல்தான். டாலியின் படங்களில் எறும்பு என்றால் அழுகல். உருகுவதுதான் அழுகுகிறது என்று எல்லாரும் நினைக்கிறார்கள். அவரோ இறுகிக் கிடப்பதன் மேல் எறும்பை விட்டிருக்கிறார். யாரும் சொல்லித்தராமல் இதைப் பார்த்திருக்கிறாய் என்று அம்மாவிடம் நாலு தடவை சொல்லிவிட்டேன். இவ்வளவு கூர்மையாகப் பார்க்கிறவளுக்கு வீட்டுக்கு இரண்டாவது வரி எழுதத் தோன்றவில்லை.

அடுத்தது வெளிச்சம். பாறைகளில் வெயில் இருக்கிறது, முன்தரையில் இல்லை. பின்னால் இருக்கும் பானி மலையின் நிழல் அது என்பார்கள். அப்படியென்றால் பார்க்கிற நாம் மலை நிழலில் நிற்கிறோம், வெளிச்சம் எதிரே இருக்கிறது. போனில் படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கிப் பார், இது இன்னும் தெளிவாகத் தெரியும்.

அந்தக் கரையை ஏன் விடாமல் வரைந்தார் என்றும் நீ கேட்பாய். 1929 கடைசியில் அவர் அப்பா அவரை வீட்டை விட்டு விரட்டினார். ஃபிகேரஸில் நோட்டரி, மரியாதைப்பட்ட மனிதர். இயேசுவின் உருவப்படத்தின் மேல் இறந்துபோன தாயைப் பழிப்பது போல் பையன் எழுதிய ஒரு வரி காரணம். அதை அவர் பையன் வாயால் கேட்கவில்லை, செய்தித்தாளில் படித்தார் என்பார்கள். அடுத்த வருஷமே மகன், அப்பாவின் கோடை வீடு இருந்த கடாக்கேஸுக்குப் பக்கத்துத் துறையான போர்ட்லிகாட்டில் ஒரு மீனவர் குடிசையை வாங்கினார். நடந்தே போகிற தூரம். போகவில்லை. அங்கிருந்துதான் இந்தக் கரையை வரைந்தார்.

இதை எழுதும்போது கை நின்றுவிட்டது, பாப்பா. மார்ச்சில் நானும் உன் வாயால் கேட்கவில்லை. சித்தி சொன்னதைக் கேட்டே கத்தினேன். நீ "அப்பா, ஒரு நிமிஷம்" என்றாய். போனை வைத்தது நான்தான். அம்மாவிடம் லைன் கட்டாகிவிட்டது என்று சொன்னேன். அது பொய்.

படத்தை இன்னொரு தடவை நேரில் போய்ப் பார். கிட்டப் போய் நில். ஆலிவ் மரத்தின் நிழல் எந்தப் பக்கம் விழுகிறது, விழுகிறதா என்று பார்த்து எழுது. அட்டையில் எனக்குத் தெளிவாகத் தெரியவில்லை. இந்தக் கடிதத்தைப் புது முகவரிக்கே அனுப்புகிறேன். உங்கள் இரண்டு பேர் வீட்டு ஜன்னல் எந்தத் திசை பார்த்திருக்கிறது என்று அம்மா கேட்கச் சொன்னாள். காலை வெயில் உள்ளே வருகிறதா?

அப்பா