மாடிப்படித் திருப்பத்தில் ஒரு ஸ்டூல்

எனக்குத் தைராய்டு புற்றுநோய் வந்து கழுத்தில் ஆபரேஷன் நடந்தது உங்களுக்கெல்லாம் தெரியும், முழுக்கத் திரும்பச் சொல்லப் போவதில்லை. நேற்று வேலூரில், ஸ்கேனில் ஒன்றும் இல்லை, ரத்தத்திலும் எல்லாம் சரியாக இருக்கிறது என்று டாக்டர் சொன்னார். வெளியே வந்து உட்கார்ந்து அழுது தீர்த்தேன். அப்போது கண்முன் வந்து நின்றது எங்கள் பள்ளி ஆயாம்மாவின் முகம்தான்.

ஆபரேஷனுக்குப் பிறகு கொடுத்த கதிரியக்க அயோடின் சிகிச்சைக்கு முன்னால் எனக்காக வீடே இரண்டு வாரம் அயோடின் சேர்க்காத உப்பில் சாப்பிட்டது. சிகிச்சை முடிந்து, கதிர்வீச்சு மற்றவர்கள்மேல் படாமலிருக்க நான் தனி அறையில் கிடந்த நாட்களில் தங்கை வாசலில் தட்டை வைத்துவிட்டு, ஜன்னலுக்கு வெளியே நின்று பேசுவாள். சக ஆசிரியர்கள் என் வகுப்புகளைப் பங்கு போட்டு எடுத்தார்கள். உங்கள் எல்லோருக்கும் என் நன்றி.

கழுத்துத் தழும்பு மங்கிவிட்டது, ஆனால் அசதி போகவில்லை. விடிகாலையில் வெறும் வயிற்றில் தைராய்டு மாத்திரை, நாலு மணி நேரம் கழித்துத்தான் கால்சியம். மாத்திரை அளவை மாற்றினால் உடம்பு அதற்குப் பழகவே ஆறு வாரம் ஆகிறது. மாத்திரை அளவு சரிதானா என்று காட்டும் டி.எஸ்.எச். ரத்தப் பரிசோதனை டாக்டர் சொன்ன அளவுக்கு வந்த பிறகும், காலையில் எழும்போதே ஒரு நாள் முழுக்க வேலை செய்து முடித்த மாதிரி இருக்கும். “தைராய்டுதானே, சீக்கிரம் சரியாகிடும்” என்று ஆறுதலாகத்தான் சொன்னார்கள். கேட்டுக் கேட்டு, எனக்கே இது சோம்பலோ என்று சந்தேகம் வந்துவிட்டது.

என் வகுப்பு இரண்டாவது மாடியில். வேலைக்குத் திரும்பிய முதல் இரண்டு நாளும் படித் திருப்பத்தில் நின்று, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, போனைப் பார்ப்பது போல மூச்சு வாங்கினேன். மூன்றாம் நாள் அங்கே ஒரு ஸ்டூல் கிடந்தது. லேபில் ஓரங்கட்டிய பழைய மர ஸ்டூல், ஆடாமல் இருக்க ஒரு காலுக்கு அட்டையை மடித்து முட்டுக் கொடுத்திருந்தது. பெருக்கிக்கொண்டிருந்த ஆயாம்மா நிமிராமலே சொன்னார்: “ஒக்காந்துட்டுப் போங்க டீச்சர். பெல்லடிக்க நேரமிருக்கு.”

அவ்வளவுதான். என்ன வியாதி, ரிப்போர்ட்டில் என்ன வந்தது என்று எதுவும் கேட்கவில்லை. எனக்கு முடியவில்லை என்பதை நான் சொல்லாமலே நம்பினார். ஆண்டு விழாவுக்கு யாரோ ஸ்டூலைத் தூக்கிப் போனபோது, தேடிக் கொண்டுவந்து போட்டு, பழைய சேலைக் கரையைக் கிழித்து அதன் காலில் கட்டினார். அதற்கப்புறம் யாரும் அதைத் தொடவில்லை. பிள்ளைகள் ஒதுங்கி, “குட்மார்னிங் மிஸ்” என்று மெதுவாகச் சொல்லிவிட்டு ஏறிப் போவார்கள்.

முன்பெல்லாம் ஒரு பிள்ளை “முடியல மிஸ்” என்று மேஜையில் தலை சாய்த்தால் எழுப்பி நிற்க வைத்திருக்கிறேன். இனி ஒருநாளும் அதைச் செய்ய மாட்டேன்.

ரிசல்ட் நல்லபடி வந்துவிட்டது, அசதி இன்றும் இருக்கிறது. திங்கட்கிழமையும் பாதிப்படியில் உட்காரத்தான் போகிறேன். ஆயாம்மா பெருக்கி முடித்ததும், அந்த ஸ்டூலில் உட்கார்ந்தே இதை அவருக்கு வாசித்துக் காட்டுவேன்.