காந்தத்தைச் சட்டைப்பையிலேயே வைத்திருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கல்லூரியில் நிலவியல் கற்பித்து ஓய்வு பெற்றபின் அஸ்தம்பட்டியில் வசித்து வருகிறேன். எங்கேனும் விண்கல் விழுந்ததாகச் செய்தி வந்தால், அடுத்த சில நாள்களில் யாராவது ஒருவர் கறுத்துக் கனத்த கல்லொன்றைத் துணிப்பையில் சுமந்துகொண்டு என் வீட்டுக்கு வந்துவிடுவார். கல்லைத் திண்ணையில் இறக்கியதும், பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தத்தை அதன்மேல் வைத்து, "ஒட்டுது பாருங்க சார்" என்பார். அப்படி வந்தவற்றில் ஒன்றுகூட வானிலிருந்து விழுந்ததில்லை. பெரும்பாலானவை கஞ்சமலை அடிவாரத்துக் காந்த இரும்புக் கற்கள். மற்றவை பழைய உலைகளின் இரும்புக் கசடு.

விண்கல் என்றால் இரும்புக் கட்டி என்ற எண்ணம் எப்படி வேரூன்றியது என்பது புரிந்துகொள்ளக் கூடியதே. வயலில் கிடக்கும் நூறு கற்களுக்கிடையே இரும்பு விண்கல் தன் எடையால் தனித்துத் தெரியும். கல்வகை விண்கல்லோ சில மழைக்காலங்களில் துருவேறி மற்றக் கற்களோடு கலந்துவிடும். ஆனால் விழும்போதே மக்கள் கண்டு எடுத்தவற்றை மட்டும் கணக்கிட்டால், நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் கல்வகையே. இரும்பு ஐந்து அளவில்தான் வரும். வானிலிருந்து உண்மையில் எது எந்த விகிதத்தில் வருகிறது என்பதை இந்தக் கணக்குதான் நமக்குச் சொல்கிறது.

நமக்கு அருகிலேயே சான்று உண்டு. 1965 வரை சேலம் மாவட்டத்தில் இருந்த சூளகிரியில் 2008 செப்டம்பர் 12 அன்று சுமார் 110 கிலோ விண்கல் விழுந்தது. அது எல்எல்6 வகையைச் சேர்ந்த காண்ட்ரைட், அதாவது சிறு உருண்டைகள் பதிந்த கல்வகை விண்கல். சாதாரணக் காண்ட்ரைட்டுகளை இரும்பின் அளவைக் கொண்டு எச், எல், எல்எல் என மூன்றாகப் பிரிப்பார்கள். எல்எல் பிரிவில் மொத்த இரும்பும் குறைவு, உலோகமாக நிற்கும் இரும்பு அதைவிடக் குறைவு. ஆறு என்ற எண், அக்கல் உடைந்து வந்த தாய்ச் சிறுகோளின் உள்ளே அது எவ்வளவு வெந்தது என்பதைக் காட்டும். மூன்றாம் வகையில் கேழ்வரகு மணி அளவு உருண்டைகள் தெளிவாகத் தெரியும். ஆறாம் வகையில், நன்கு கிண்டிய களியில் நொய் கரைந்துபோவதைப் போல அவை மங்கிவிடும். சூளகிரிக் கல்லையும் கஞ்சமலைக் கல்லையும் அருகருகே வைத்துக் காந்தத்தைக் காட்டினால், கஞ்சமலைக் கல்தான் 'விண்கல்' என்று பெயர் வாங்கிவிடும். 2022 ஆகஸ்ட் 17 அன்று குஜராத்தின் தியோதர் பகுதியில் விழுந்த ஆப்ரைட் இன்னும் ஒரு படி மேலே. அது உருண்டைகளே இல்லாத, ஒருமுறை உருகி உறைந்த கல். இரும்பு மிகச் சொற்பம்.

ஆகவே காந்தம் நம் ஊரில் தவறான வழியைக் காட்டும். அதைவிடப் பெரிய கவலை, உண்மையான விண்கல்லுக்கு அது செய்யும் தீங்கு. கல் உருவான காலத்து காந்தப்புலத்தின் பதிவு, பல கோடி ஆண்டுகளாக அதன் உலோகத் துகள்களில் தங்கியிருக்கும். வலுவான காந்தத்தை ஒருமுறை ஒட்டி எடுத்தாலே அப்பதிவு அழிந்து, ஸ்பீக்கர் காந்தத்தின் பதிவே மிஞ்சும்.

கண்ணெதிரே விழுந்த கல்லின் மதிப்பு அதன் புதுமையில் இருக்கிறது. விண்வெளியில் காஸ்மிக் கதிர்கள் தாக்கியதால் உண்டான குறைந்த ஆயுள் கொண்ட கதிரியக்க ஐசோடோப்புகள் அதில் இன்னும் மிச்சமிருக்கும்: சோடியம்-24 பதினைந்து மணி நேரத்தில் பாதியாகிவிடும், மாங்கனீசு-54 சுமார் 312 நாளில், சோடியம்-22 ஏறத்தாழ 2.6 ஆண்டில். நாளைக்குக் கொடுக்கலாம் என்று வீட்டுப் பூசையறையில் வைத்துவிட்டால், சில நாள்களிலேயே சோடியம்-24 ஆய்வகம் அளப்பதற்கு மிச்சமிராது, மற்றவையும் குறைந்துகொண்டே போகும். 2017 ஜூன் 6 அன்று ஜெய்ப்பூர் அருகே முகுந்தபுராவில் விழுந்தது போன்ற கரிமக் காண்ட்ரைட்டை, அதாவது கரிமச் சேர்மங்கள் அடங்கிய கல்லை, மஞ்சள் நீரில் கழுவினால் இழப்பு இன்னும் பெரிது.

செய்திகளில் "எரிந்துகொண்டே தரையில் விழுந்த கல்" என்று எழுதுவதையும் தயவுசெய்து தவிர்க்க வேண்டும். ஒளி பல கிலோமீட்டர் உயரத்திலேயே அணைந்துவிடும். உருகிய மேற்பரப்பு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான கரிய ஓடாக உறைய, கல் குளிர்ந்துதான் தரையைத் தொடும். வைக்கோல்போர் எரிந்திருந்தால் வேறு காரணத்தைத் தேடுவதே முறை.

ஏற்காட்டு மலைச்சரிவிலோ ஓமலூர்ப் பக்கத்து வயலிலோ நாளை ஒரு கல் விழலாம். அப்போது தங்கள் நிருபர் கல்லின் படத்தோடு, ஒளி எத்திசையிலிருந்து எத்திசைக்குச் சென்றது, எத்தனை நொடி கழித்து வெடியோசை கேட்டது, கல் எந்த இடத்தில் கிடந்தது என்பவற்றைக் கண்டவர்களிடம் தனித்தனியே கேட்டு அச்சிட்டால், அது ஆய்வாளர்களுக்கு மிகவும் உதவும். கல்லை வெறுங்கையால் தொடாமல், கழுவாமல், அடுக்களையில் சப்பாத்தி சுற்றும் அலுமினியத் தாளில் பொதிந்து, வட்டாட்சியர் வழியாக இந்தியப் புவியியல் ஆய்வு மையத்திடம் அன்றே ஒப்படைக்குமாறும் அச்செய்தியின் அடியில் இரண்டு வரி சேர்க்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நிலவியல் ஆசிரியர்,
அஸ்தம்பட்டி, சேலம்.